மொழி கற்பித்தலும் மனித மாண்பும்

பிறமொழியொன்றைக் கற்பிப்பது கருவிகளும் முறைகளும் சார்ந்த விடயமென்றே பலரும் கருதுகின்றனர். எத்தனை சொற்களைக் கற்பிப்பது, எந்த ஒழுங்கிற் கற்பிப்பது, எத்தனை பாடவேளைகளை ஒதுக்குவது என்பனவே ஆசிரியர் கலாசாலைகளிலும் கருத்தரங்குகளிலும் ஓயாது பேசப்படுகின்றன. இவை வேண்டாத வினாக்களென்று நாம் கூறவரவில்லை. ஆயின், இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்கும் வினாவொன்று உண்டு. ஒரு பிள்ளைக்கு அதனுடையதல்லாத மொழியை நாம் கொடுக்கும்போது, அம்மொழியில் அது முதன்முதலாக யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசப் பழகவேண்டும்? மொழிக்குரியவரின் வாழ்க்கையையா, தன்னுடைய வாழ்க்கையையா? இதற்கு விடை கூறாமல் எந்த ஆசிரியனும் பாடத்தைத் தொடங்க முடியாது. விடை கூறவில்லையென்று எண்ணிக்கொள்பவனும், தான் கையிலெடுத்த பாடநூலினாலே விடை கூறியே விடுகிறான்.

இதனைப் பொதுப்படப் பேசிக்கொண்டிருந்தால் வெறும் உபதேசமாக முடியும். ஆதலின் திட்டவட்டமான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்க நேர்ந்த வியட்நாமியப் பிள்ளைகளுக்கு, ஆங்கிலத்திற் கிடைக்கும் வியட்நாமிய இலக்கியத்தைக் கொண்டு ஆங்கிலம் கற்பிப்பது தகுமா, தகுமாயின் எவ்வாறு என்பதே நாம் ஈண்டு ஆராயப்புகும் பொருள்.

1975 ஏப்ரல் 30ஆந் திகதி சைகோன் நகரம் வீழ்ந்தது. வீழ்ந்தது என்பர் ஒரு சாரார். விடுதலை பெற்றது என்பர் மறு சாரார். இச்சொல் வேறுபாடு எமது பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. பின்னர் அதற்கு மீளுவோம். அவ்வாண்டில் ஏறத்தாழ 130,000 வியட்நாமியர் அமெரிக்கா சென்று சேர்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் ஆங்கில வகுப்பறைகளில் அமர்த்தப்பட்டனர்.

அவ்வாறு சென்ற பிள்ளைகளுள் ஒருவரான தான்ஹா லாய், பல்லாண்டுகளின் பின் 2011இல் சிறுவர்களுக்கான நாவலொன்றைக் கவிதை வடிவில் வெளியிட்டார். அந்நூல் அவ்வாண்டிலேயே இளையோர் இலக்கியத்துக்கான அமெரிக்கத் தேசிய நூற்பரிசைப் பெற்றது. சைகோனிலிருந்து தாயுடனும் மூன்று தமையன்மாருடனும் அலபாமா மாநிலத்துக்கு வந்துசேரும் ஹா என்னும் பத்து வயதுச் சிறுமியே அதன் கதாநாயகி. அதில் வரும் வகுப்பறைக் காட்சியொன்று எமது சிந்தனைக்குரியது. ஹா ஆங்கில நெடுங்கணக்கைச் சொல்கிறாள். ஒன்று முதல் இருபது வரை எண்ணுகிறாள். ஆசிரியை வகுப்பைக் கைதட்டச் சொல்கிறாள். வகுப்பும் கைதட்டுகிறது. சிறுமியோ உள்ளே கொதிக்கிறாள். தன் ஊரில் அவள் பின்னங்களைக் கற்று முடித்தவள். ஆற்றுநீரை எவ்வாறு தூய்மையாக்குவதென்று அறிந்தவள். ஆயின் அதனை எடுத்துச் சொல்ல அவளிடம் மொழி இல்லை. மடமை என்பது எத்தகைய உணர்வென்று அவள் அன்றுதான் அறிந்துகொள்கிறாள்.

அந்த ஆசிரியை கொடியவளல்லள். அவள் கைதட்டச் சொன்னது அன்பினாலேயே. இங்கேதான் பிரச்சினையின் ஆழம் புலப்படுகிறது. கொடுமைக்காரனை இனங்காண்பது எளிது. அவனை எதிர்த்துப் போராடவும் இயலும். அன்போடு ஒருவரைச் சிறுமைப்படுத்தும் ஏற்பாட்டை இனங்காண்பதுதான் அரிது. மொழி தெரியாமையும் அறிவின்மையும் ஒன்றல்ல. அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் வகுப்பறையிலே, பிள்ளை தன்னுடைய பத்தாண்டு அறிவையும் வாசலில் இறக்கிவைத்துவிட்டே உள்ளே வரவேண்டியிருக்கிறது. இலக்கணம் கற்கும் நாளெல்லாம் அது ஏற்றுக்கொள்ளும் மறைமுகமான பாடம் ஒன்றே: இந்த மொழியிற் பேசத்தக்கது எதுவும் என்னிடம் இல்லை என்பதே அப்பாடம்.

அதே நூலில் வேறொரு காட்சியும் உண்டு. வகுப்புக்கு வியட்நாமை அறிமுகப்படுத்த விரும்பிய ஆசிரியை புகைப்படங்களைக் காட்டுகிறாள். எரிகாயங்களோடு ஆடையின்றி ஓடிவரும் சிறுமி, இறுதி உலங்குவானூர்தியைப் பற்றி ஏறத் துடிக்கும் மக்கள், எலும்புந்தோலுமான அகதிகள். இவை பொய்ப்படங்களல்ல. ஆயினும் ஹா மனத்துள் நினைப்பது வேறொன்று. பப்பாசி மரத்தையும் தெத் என்னும் புத்தாண்டுத் திருநாளையும் ஆசிரியை காட்டியிருக்கலாகாதா என்பதே அவள் ஏக்கம். பின்னர் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க முன்வருபவர் அயல்வீட்டு மூதாட்டி, இளைப்பாறிய ஆசிரியை, வியட்நாம்ப் போரிலே தன் மகனைப் பறிகொடுத்தவர். அவர் காட்டும் படங்களுள் பப்பாசி மரம் இருக்கிறது. சிறுமி தன் மொழியிலே அதன் பெயரைக் கூவுகிறாள். போரினால் மிகப் பெரிய இழப்பை அடைந்த அந்த மூதாட்டிக்கே, போருக்கு அப்பாலும் அந்த நாட்டில் ஒரு மரம் உண்டென்று காட்டத் தோன்றுகிறது. இதில் நாம் சிந்திக்கவேண்டியது நிறைய உண்டு.

மேற்கண்ட இரு காட்சிகளையும் சேர்த்து நோக்குமிடத்து எமது வினா கூர்மையடைகிறது. பிள்ளையின் உலகை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவது ஒரு தவறு. உள்ளே அழைக்கும்போது, பிறர் அதனைப் பார்த்த கண்களால் மட்டுமே அழைப்பது மற்றொரு தவறு. முதலாவது தவறைச் சட்டம் ஓரளவு உணர்ந்திருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ நகரப் பாடசாலைகளில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர் தனியான மொழியுதவி எதுவுமின்றி விடப்பட்டிருந்தனர். அவர்கள் சார்பிலான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் ஒரே கட்டடத்தையும் ஒரே பாடநூலையும் ஒரே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாது; மொழி விளங்காத பிள்ளைக்கு அவை இருந்தும் பயனில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆயினும் போராட்டம் அத்தோடு முடிந்துவிடவில்லை. 1998இல் கலிபோர்னியா வாக்காளர் இருமொழிக் கல்வியைப் பெரும்பாலும் ஒழித்து, ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்கும் சட்டத்தை நிறைவேற்றினர். 2016இல் அதே மாநில வாக்காளர் அதனை நீக்கினர். ஒரு பிள்ளையின் தாய்மொழி உதவியா தடையா என்பது பதினெட்டு ஆண்டுகளில் இருமுறை வாக்குப்பெட்டியில் தீர்மானிக்கப்பட்டது.

சட்டம் மொழியைப் பற்றியே பேசுகிறது. எந்தக் கதையை வாசிப்பதென்பதைச் சட்டம் சொல்லமாட்டாது. அதனை ஆசிரியனே தீர்மானிக்கவேண்டும். அங்கேதான் இலக்கியம் எமது ஆராய்ச்சிக்குள் வருகிறது.

வியட்நாமிய இலக்கியம் ஆங்கிலத்தில் இல்லாத பொருளன்று. நுயென் டூ (1765–1820) பாடிய 'கியூவின் கதை' 3,254 அடிகள் கொண்ட நெடுங்காப்பியம். தந்தையைச் சிறையிலிருந்து மீட்பதற்காகத் தன்னையே விற்றுப் பதினைந்து ஆண்டுகள் அலைக்கழியும் ஒரு பெண்ணின் கதை அது. எழுத்தறியாத குடியானவரும் அதன் அடிகளை மனனமாகச் சொல்லுவர். அதனைத் தாலாட்டாகப் பாடுவர். நூலை விரித்துக் கண்ணிற்பட்ட அடியைக்கொண்டு குறி பார்ப்பதும் உண்டு. ஹுயின் சான் தோங் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்து 1973இல் வெளியிட்டார். இருமொழிப் பதிப்பு 1983இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டில் ஹனோய் சென்ற கிளின்டனும் 2016இற் சென்ற ஒபாமாவும் அந்தக் காப்பியத்திலிருந்து அடிகளை எடுத்துக் கூறினர். இராசதந்திர நிகழ்ச்சிகளில் மேற்கோளுக்கு உதவிய காப்பியம், அந்நாட்டிலிருந்து வந்த பிள்ளை அமர்ந்திருக்கும் வகுப்பறைக்கு ஏன் உதவலாகாது?

உதவும் என்பதே எமது துணிபு. அது எவ்வாறு உதவுகிறதென்பதையும் ஆசிரியன் என்ற வகையில் நுணுகி நோக்கவேண்டும். வியட்நாமிய மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. கடந்தது, நிகழ்வது, வருவது என்பவற்றைத் தனித்த துணைச்சொற்கள் உணர்த்தும். இடம் தெளிவாயின் அவையும் வேண்டியதில்லை. சொல்லிறுதியில் ஆங்கிலத்திற் குவியும் மெய்யொலிகளும் அம்மொழிக்குப் புதியவை. தான்ஹா லாயின் சிறுமிக்கு ஆங்கிலம் பாம்பின் சீறலாகக் கேட்பது இதனாலேயே. ஆங்கிலக் கதையைப் படிக்கும் வியட்நாமியப் பிள்ளை இரண்டு சுமைகளை ஒருங்கே தாங்குகிறது: அறியாத மொழி ஒன்று, அறியாத உலகம் மற்றொன்று. தான் ஏலவே கேட்ட கதையை ஆங்கிலத்திற் படிக்கும்போது இரண்டாவது சுமை குறைகிறது. என்ன நடந்ததென்று பிள்ளைக்குத் தெரியும்; ஆதலின், நடந்ததை ஆங்கிலம் ஏன் இறந்தகால வடிவத்தில் ஒவ்வொரு முறையும் வற்புறுத்துகிறதென்பதை அது கவனிக்க முடிகிறது. இதுவே கற்பித்தலின் நடைமுறை நியாயம்.

ஆயின் நாம் இதனைவிட உயர்ந்த நியாயமொன்றைக் காண்கிறோம். ஆங்கிலத்தில் 'நான்', 'நீ' என்பவற்றுக்கு ஒவ்வொரு சொல்லே உண்டு. வியட்நாமியரோ உறவைச் சுட்டாமற் பேசுவது அரிது. தாயிடம் பேசும்போது 'பிள்ளை' என்றும், இளையவரிடம் 'அண்ணன்' அல்லது 'அக்கா' என்றும், காதலியிடம் 'அண்ணன்' என்றும் ஒருவன் தன்னைச் சுட்டுவான். எதிரே நிற்பவருக்கும் அவ்வாறே. உறவு மாறும்போது, கோபம் பிறக்கும்போது, அந்நியம் நுழையும்போது இச்சொற்களும் மாறும். மொழிபெயர்ப்பிலோ இவையாவும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. ஆங்கிலப் பக்கத்தைப் படிக்கும் வியட்நாமியப் பிள்ளை, "இங்கே ஏதோ விடுபட்டுவிட்டது" என்று சொல்லக்கூடும். அந்தக் கணத்திலே வகுப்பறையின் ஒழுங்கு தலைகீழாகிறது. அதுவரை ஆங்கிலம் பிள்ளையைப் பரீட்சித்தது. இப்போது பிள்ளை ஆங்கிலத்தைப் பரீட்சிக்கிறது. விடுபட்டதை விளக்குவதற்கு அது ஆங்கிலத்தையே தேடவேண்டியிருக்கிறது. அவ்வாறு தேடிப்பெறும் சொல் பயிற்சிப் புத்தகத்திற் கோடிட்ட இடத்தை நிரப்பிய சொல்லைப் போன்றதன்று. ஒரு தேவைக்காக, ஓர் உண்மையை நிலைநாட்டுவதற்காக வென்றெடுத்த சொல் அது.

வாய்மொழிப் பாடல்கள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. ஆறசைக்கும் எட்டசைக்கும் மாறிமாறி வரும் 'லுக் பாத்' யாப்பிலே வியட்நாமிய நாட்டார் நூற்றாண்டுகளாகப் பாடிவந்த 'கா தாவ்' பாடல்கள் எண்ணிறந்தவை. போரிற் பங்குகொள்ள மறுத்த அமெரிக்கக் கவிஞர் ஜோன் பலபான், போர் நடந்துகொண்டிருந்த 1971–72 காலத்தில் ஒலிப்பதிவுக் கருவியுடன் கிராமங்களிற் சென்று அவற்றைச் சேகரித்தார்; 1980இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். குண்டுகள் பொழிந்த நாட்டில், பாடும்படி கேட்டுச்சென்ற ஓர் அமெரிக்கரும் இருந்தார் என்பது மறக்கற்பாலதன்று. இத்தகைய பாடலொன்றைப் படிக்கும் பிள்ளையிடம், "உன் வீட்டிலே யாருக்கேனும் இதுபோன்ற பாடல் தெரியுமா?" என்று ஆசிரியன் கேட்கலாம். எழுத்தறியாத பாட்டி அன்றிரவு பாடத்தின் மூலநூலாகிறாள். பாட்டி சொல்ல, பிள்ளை எழுத, மறுநாள் ஆங்கிலத்தில் அதனை வகுப்புக்குச் சொல்ல முயல்கையில், அந்த அறையில் அதிகம் அறிந்தவர் ஆசிரியரல்லர். ஒரு பாடவேளையிலேனும் மாணவன் ஆசிரியனைவிட அதிகம் அறிந்தவனாயிருக்க இடமுண்டா என்பதே, பிறமொழி வகுப்பறையின் நேர்மையை அளக்கத்தக்க கோலென்று நாம் கருதுகிறோம்.

இனி மறுப்புகளைக் கவனிப்போம். அவற்றை இலேசாகத் தள்ளிவிடுதல் நேர்மையன்று.

மொழிபெயர்ப்பிலுள்ள ஆங்கிலம் உண்மையான ஆங்கிலமாகாது. பிள்ளைக்கு மூல ஆங்கில இலக்கியத்தையே கொடுக்கவேண்டும் என்பது முதலாவது மறுப்பு. இதனைச் சொல்பவர் பெரும்பாலும் ஆங்கில உரைநடையின் சிகரமாக 1611இல் வெளிவந்த வேதாகமத்தைக் காட்டுவர். அந்நூல் எபிரேயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்த மொழிபெயர்ப்பென்பதை அவர் மறந்துவிடுகின்றனர். பாலைவன மேய்ப்பரின் பேச்சைத் தாங்கியதனால் ஆங்கிலம் கெட்டுவிடவில்லை, வளம்பெற்றது. செங்கழிமுக வயல்களின் பேச்சைத் தாங்கினால் மட்டும் அது கெட்டுவிடுமா?

இரண்டாவது மறுப்பு கனமானது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் இனத்து இலக்கியத்தையே கொடுத்தால், ஒவ்வொன்றையும் அதனதன் வேலிக்குள் அடைத்தவராவோம். மேலும், அமெரிக்காவிலே பிறந்து வளர்ந்த வியட்நாமியப் பிள்ளைக்குக் கியூவும் ஷேக்ஸ்பியரும் ஒரேயளவு தொலைவிலுள்ளவர்களே. இரத்தத்தின் வழியாக எவருக்கும் இலக்கியம் வருவதில்லை. இவ்வாதத்தின் உண்மையை நாம் ஏற்கிறோம். வகுப்பிலிருக்கும் ஒரே வியட்நாமியப் பிள்ளையை நோக்கி, "உன் நாட்டைப் பற்றிச் சொல்" என்று ஆசிரியன் பணிக்கும்போது, அப்பிள்ளையை நூதனசாலைப் பொருளாக்கிவிடுகிறான். தன் கதையைச் சொல்லும் உரிமையுள் அதனைச் சொல்லாதிருக்கும் உரிமையும் அடங்கும். கடலிலே உறவினரை இழந்த பிள்ளையிடம் கடற்பயணத்தைப் பற்றிக் கட்டுரை கேட்பது கற்பித்தலாகாது.

ஆயினும் இவ்வாதம் முறையின் பிழையான பிரயோகத்தைச் சாடுகிறதேயன்றி முறையைச் சாடவில்லை. கியூவின் கதையையே எடுத்துக்கொள்வோம். வியட்நாமியர் தம் உயிரெனப் போற்றும் அக்காப்பியத்தின் கதைக்கரு சீன உரைநடைக் கதையொன்றிலிருந்து வந்தது. 1945 செப்டெம்பர் 2ஆந் திகதி ஹோ சி மின் வாசித்த சுதந்திரப் பிரகடனம், 1776இன் அமெரிக்கப் பிரகடனத்தை எடுத்துக் கூறியே தொடங்கிற்று. பிறருடையதைத் தம் தேவைக்கு வசமாக்கியவர்களின் இலக்கியம் வேலியாகாது. எனவே அதே வகுப்பிலிருக்கும் மெக்சிக்கப் பிள்ளையும் கம்போடியப் பிள்ளையும் கியூவைப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். குடும்பத்துக்காகத் தன் உழைப்பையும் இளமையையும் விற்ற மூத்த மகளை அறியாத தொழிலாளர் வீடு எந்த நாட்டிலுண்டு? வியட்நாமியப் பிள்ளைக்கு அது வீட்டின் முன்வாசல்; ஏனையோருக்கு அயல்வீட்டு வாசல். இரு வாசல்களும் ஒரே தெருவுக்குத்தான் திறக்கின்றன.

மூன்றாவது மறுப்பே எம்மை நீண்டநேரம் சிந்திக்கவைத்தது. எந்த வியட்நாமின் இலக்கியம்? வீழ்ச்சியென்று சொல்பவரின் இலக்கியமா, விடுதலையென்று சொல்பவரின் இலக்கியமா? இது நூலகத்துள் அமைதியாகத் தீரும் வினாவன்று. 1999இல் கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரில் வியட்நாமியக் கடையொன்றிலே ஹோ சி மின்னின் படமும் ஹனோய் அரசின் கொடியும் மாட்டப்பட்டபோது, ஆயிரக்கணக்கான அகதிகள் வாரக்கணக்காகத் திரண்டு எதிர்ப்புக் காட்டினர். சிறைவாசமும் கடற்சாவும் கண்ட அம்மக்களின் கோபத்தைப் பிற்போக்கு என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட முற்போக்காளருக்கு உரிமையில்லை. அதேவேளை, அவர்கள் விட்டுவந்த நாட்டிலே முப்பதாண்டுகள் அந்நிய வல்லரசுகளை எதிர்த்துப் போராடிய குடியானவரின் குரலை வகுப்பறையிலிருந்து விலக்கிவிடவும் எவருக்கும் உரிமையில்லை.

நல்ல இலக்கியம் இவ்விடத்தில் ஆசிரியனுக்குக் கைகொடுக்கிறது. நாம் காவ் 1941இல் எழுதிய 'சி பேயோ' என்னும் கதையில், நிலப்பிரபு சிறைக்கு அனுப்பிய ஏழைத் தொழிலாளியொருவன் குடிகாரனாகவும் அடியாளாகவும் திரும்பி வருகிறான். ஒரு பெண்ணின் பரிவினால் மீண்டும் மனிதனாக வாழ அவன் விரும்பும்போது, கிராமம் அவனுக்கு அந்த வழியை அடைத்துவிடுகிறது. அக்கதைக்கு வடக்குமில்லை, தெற்குமில்லை. உடையவரும் இல்லாதவருமே உண்டு. பாவோ நின் வடக்குப் படையிற் போரிட்டவர். வென்ற பக்கத்தைச் சேர்ந்த அவர் எழுதிய 'போரின் துயரம்' வெற்றிவிழாக் காவியமாக அமையவில்லை; இறந்தவர்களை மறக்க முடியாத போர்வீரனொருவனின் மனச்சிதைவையே சொல்லிற்று. தோற்ற பக்கத்து அகதியின் பேரப்பிள்ளை அதனைப் படிக்கும்போது, தன் பாட்டனின் துயரம் எதிரியின் வீட்டிலும் இருந்ததென்பதை அறியும். போரைப் பற்றிய இலக்கியத்தை விலக்கவேண்டுமென்று நாம் கூறவில்லை. போரைக் கொண்டு ஒரு மக்களை வரையறுத்துவிடலாகாது என்றே கூறுகிறோம். பப்பாசி மரமும் இருக்கட்டும். வெடிகுண்டுப் பள்ளமும் இருக்கட்டும். இரண்டையும் சொல்லும் வாய் அம்மண்ணிற் பிறந்த வாயாக இருக்கட்டும்.

ஆங்கிலம் ஏகாதிபத்தியத்தின் மொழியாதலால், எத்தகைய இலக்கியத்தைக் கொண்டு கற்பித்தாலும் அது அடிமைத்தனத்தையே வளர்க்குமென்று சில நண்பர்கள் வாதிடுவதுண்டு. வியட்நாமிய வரலாறு அவர்களுக்குப் பதிலளிக்கிறது. இன்று அம்மொழி எழுதப்படும் ரோமானிய எழுத்து முறையான 'குவோக் நூ', ஐரோப்பியப் பாதிரிமார் தம் சமயப்பணிக்காக உருவாக்கியது. அலெக்சாந்தர் டி ரோட்ஸ் தொகுத்த அகராதி 1651இல் ரோமிலே அச்சாயிற்று. பின்னர் பிரெஞ்சு ஆட்சி அவ்வெழுத்தைத் தன் நிருவாக வசதிக்காக வளர்த்தது. ஆயின் 1907இல் ஹனோயிலே தேசப்பற்றாளர் தொடங்கிய தொங்கிங் இலவசப் பாடசாலை, அதே எழுத்தைக்கொண்டு மக்களுக்குப் புதிய அறிவைப் புகட்ட முற்பட்டது. அப்பாடசாலையைப் பிரெஞ்சு ஆட்சி ஓராண்டுகூட நிலைக்கவிடவில்லை. 1945இற் சுதந்திரப் பிரகடனத்துக்குப் பின் ஒரு வாரங்கூடக் கழியுமுன், எழுத்தறிவின்மையை ஒழிக்கும் வெகுசனக் கல்வி இயக்கத்துக்குக் கட்டளை பிறந்தது. எழுத்துகளின் வடிவத்தை நினைவிலிருத்த, நாட்டார் யாப்பாகிய லுக் பாத்திலேயே பாடல்கள் புனையப்பட்டன. அந்நிய எழுத்தும் உள்ளூர்ப் பாட்டும் கைகோத்தபோதுதான் குடியானவன் எழுத்தறிவு பெற்றான். கருவி எங்கிருந்து வந்ததென்பது வரலாற்று வினா. அதனை யார் கையில், எந்தக் கதையோடு கொடுக்கிறோமென்பதே அறவினா.

இதே வினா இன்று வியட்நாமுக்குள்ளேயும் எழுந்திருக்கிறது. 2008இல் அந்நாடு பிறமொழிக் கல்விக்கான பெருந்திட்டமொன்றைத் தொடங்கிற்று. 2024இல் ஆளுங்கட்சியின் அரசியற் குழு, பாடசாலைகளில் ஆங்கிலத்தைப் படிப்படியாக இரண்டாம் மொழியாக்க வேண்டுமென்று முடிவுசெய்தது. இரு வல்லரசுகளை வெளியேற்றிய ஒரு மக்கள், வல்லரசின் மொழியைத் தாமே விரும்பிக் கற்கின்றனர். அந்தக் கல்வி சந்தைக்கு வேண்டிய பணியாளரை ஆக்குவதோடு நின்றுவிடுமா, தம் இலக்கியத்தை உலகுக்கு எடுத்துரைக்கவல்ல மனிதரையும் ஆக்குமா என்பது, அவர்களின் ஆசிரியர் வகுப்பறையிலே எதனைப் படிக்கக் கொடுக்கிறார் என்பதிலும் தங்கியிருக்கிறது.

இவையெல்லாம் எமக்கு அந்நியமான செய்திகளல்ல. எமது நாட்டின் சிங்கள இளைஞர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்று, அதாவது வாள் என்று, பெயரிட்டு அழைத்ததை நாம் அறிவோம். 1983இன் பின் புலம்பெயர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் தொரன்ரோவிலும் இலண்டனிலும் ஹாவைப் போலவே வகுப்பறைகளில் ஊமைகளாக அமர்ந்திருந்தனர். அவர்களின் ஆசிரியர்களும் நல்ல மனத்தோடு கைதட்டியிருப்பர். அப்பிள்ளைகளிடம் பனையும் இருந்தது, பதுங்குகுழியும் இருந்தது. எமது கதைகள் ஆங்கிலத்திற் பெயர்க்கப்படவேண்டும் என்று நாம் பேசும்போது, பரிசுகளையும் பல்கலைக்கழகங்களையுமே மனத்திற் கொள்கிறோம். ஏதோவொரு குளிர்நாட்டில், புதிய மொழியொன்றின் முதற்படியிலே தடுமாறி நிற்கும் பத்து வயதுப் பிள்ளையையும் மனத்திற் கொள்ளவேண்டும்.

முடிவாக ஒன்று. சைகோனில் 1988இற் பிறந்து, இரண்டு வயதில் அமெரிக்கா சென்ற ஓஷன் வுவோங், 2019இல் வெளியிட்ட தமது நாவலைத் தாய்க்கு மகன் எழுதும் கடிதமாக அமைத்தார். மகன் எழுதுவது ஆங்கிலத்தில். நக அலங்காரக் கடையிலே பிறர் கைகளைப் பற்றி வேலைசெய்யும் அத்தாய்க்கு வாசிக்கத் தெரியாது. தன்னைப் பற்றி எழுதப்பட்ட கடிதத்தை அவளால் ஒருபோதும் படிக்க முடியாது. ஏழையின் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் கல்வி எவ்வளவு சிறந்ததாயினும், அப்பிள்ளையைத் தாயிடமிருந்து ஓரடி அப்பால் எடுத்துச் செல்கிறது. இதனை முற்றாகத் தடுக்க ஆசிரியனால் இயலாது. கற்றலின் விலை அது. ஆயின் அந்த விலையை இரட்டிப்பாக்காதிருக்க அவனால் இயலும். புதிய மொழியின் முதற் பாடங்களிலேயே தாயின் பாடலுக்கும் பாட்டியின் கதைக்கும் இடம் கொடுத்தால், பிள்ளை மாலையில் வீடு திரும்பும்போது அவர்களிடம் கேட்பதற்கு ஏதேனும் ஒரு கேள்வி கையிலிருக்கும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு எமது விடை இதுவே. பிறமொழியில் மனிதன் முதலிற் பேசவேண்டியது தான் அறிந்த வாழ்க்கையைப் பற்றியே. அதிலே காலூன்றிக்கொண்டபின் அவன் உலகெங்கும் செல்லட்டும். இந்த வரிசை மாறுமாயின், அவன் எத்தனை பரீட்சைகளிற் சித்தியடைந்தாலும் அம்மொழியில் ஒரு விருந்தாளியாகவே இருந்துவிடுவான். பாடநூலை விரிக்குமுன், எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆற்றுநீரைத் தூய்மையாக்கத் தெரிந்திருக்கலாமென்று ஒருகணம் எண்ணிப்பார்க்கும் ஆசிரியன், தனது பணியைச் சரியான இடத்திலிருந்து தொடங்குகிறான்.